திருக்கை வால்

தலை கீழே விழுந்த பிறகும் ஆட்டின் கால்கள் கொஞ்ச நேரம் ஓடும். படுத்தபடியே ஓடும். எங்கேயோ அவசரமாகப் போய்ச் சேர வேண்டியது போல நாலு காலும் மாறி மாறி எட்டு வைக்கும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்குக் கல்யாணமாகி மூன்று நாள். என் வீட்டுக்காரருக்குத் திருவரங்குளத்தில் கறிக்கடை. நான் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவர் வெட்டுவார். அன்று பயத்தில் காலை விட்டுவிட்டேன். சேலை முழுக்க ரத்தம். அவர் திட்டவில்லை. ‘அது ஓடி முடிக்கட்டும், அப்புறம் பிடி’ என்று மட்டும் சொன்னார்.

பிற்காலத்தில் நான் எழுதிய கதைகளில், தலை போன வீரர்கள் இரண்டு எட்டு நடந்து அப்புறம் விழுவார்கள். படித்தவர்கள் அதை மாயம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஈட்டி விலாவுக்குள் எந்த இடத்தில் சுலபமாக இறங்கும், எந்த இடத்தில் எலும்பில் மாட்டும், குடல் வெளியே வந்தால் எப்படி ஆவி பறக்கும் என்பதெல்லாம் எனக்குக் கடையில் தெரிந்த விஷயங்கள். யோசித்து எழுதியது எதுவும் இல்லை.

அஞ்சாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. கறி பொட்டலம் கட்டுவதற்குப் பழைய பத்திரிகைகளை எடைக்கு வாங்கிப் போட்டு வைப்போம். வாழை இலையில் கறியை வைத்து மேலே ஒரு தாளைச் சுற்றித் தருவது வழக்கம். அந்தத் தாள்களில் ராஜா கதை, மந்திரவாதி கதை எல்லாம் வரும். கூட்டம் இல்லாதபோது எழுத்துக் கூட்டிப் படிப்பேன். தொடக்கம் இருந்தால் முடிவு இருக்காது. முடிவு யார் வீட்டு அடுப்பங்கரைக்கோ ஈரலோடு போயிருக்கும். அங்கே என்ன நடந்திருக்கும் என்று நானே மனதுக்குள் கட்டிக்கொள்வேன். வீட்டுக்காரர் இறந்து, மகன் கடையை எடுத்துக்கொண்ட பிறகு, கட்டி வைத்ததையெல்லாம் பள்ளிக்கூட நோட்டில் எழுத ஆரம்பித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து பேச எனக்கு வராது. கடையில்கூட எடையை மட்டும்தான் சொல்வேன்.

கடலுக்கு அடியில் ஏழு நாடுகள். அவற்றில் ஒன்று உப்பு நாடு. அங்கே மழை பெய்தால் உப்புப் பெய்யும். அந்த நாட்டு ராஜா பக்கத்து நாடுகளை ஒவ்வொன்றாக வெட்டிப் பிடிக்கிறான். இதுதான் கதை. நோட்டு நனைந்துவிட்டால் எல்லாம் போய்விடுமே என்று, நகல் எடுக்கப் புதுக்கோட்டைக்குப் போனேன். அங்கே ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். மெஷினில் தாளை வைத்து மூடுவதும், அடுத்த தாளை எடுத்து அதை ஒரு பார்வை படிப்பதுமாக இருந்தாள். நோட்டு முடிந்தபோது நிமிர்ந்து பார்த்து, அடுத்த நோட்டு எங்கே என்று கேட்டாள். அது எழுதவே இல்லை என்றேன். அப்படியானால் எழுதிவிட்டு வாருங்கள் என்று நகலுக்குக் காசு வாங்காமல் அனுப்பிவிட்டாள்.

அவள்தான் என் சிநேகிதி. எனக்கு வாய்த்த ஒரே சிநேகிதி.

எங்கள் வேலை நடந்த விதம் இது. திங்கட்கிழமை கறிக்கடை லீவு. பஸ் ஏறி அவள் கடைக்குப் போவேன். மத்தியானம் முதலாளி சாப்பிடப் போகும் நேரம் நான் நோட்டைப் பார்த்துப் படிப்பேன், அவள் அடிப்பாள். என் எழுத்து எனக்கே சில இடத்தில் புரியாது, அதனால் அவளிடம் நோட்டைக் கொடுத்து அடிக்கச் சொல்ல முடியாது. அடித்ததை வாரம் ஒரு அத்தியாயமாக செல்போனில் கதை படிக்கிற ஒரு ஆப்பில் அவளே போட்டுவிடுவாள். கீழே ஜனங்கள் எழுதுவதையும் அவள்தான் வாசித்துக் காட்டுவாள். சண்டைக் காட்சி வந்தால் அடிப்பதை நிறுத்திவிட்டு, ‘இங்க குத்தினா ஒடனே உசுரு போயிருமாக்கா?’ என்று கேட்பாள். ஆட்டில் எப்படி என்று சொல்வேன். சிரித்துக்கொண்டே அடிப்பாள்.

ஒரு திங்கட்கிழமை, உப்பு நாட்டு ராஜா தன் ராணியைச் சாட்டையால் அடிக்கிற கட்டத்தைப் படித்தேன். ராணி அலறினாள், அரண்மனையே அதிர்ந்தது என்று எழுதியிருந்தேன். அவள் விரல் நின்றுவிட்டது.

“அக்கா, இது சரியில்ல.”

“என்னம்மா சரியில்ல?”

“அலற மாட்டாக்கா. அலறுனா பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். சேலைத் தலப்ப வாயில வச்சுக் கடிச்சுக்குவா.”

கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னாள். எனக்கு அப்போதுதான் அவள் வெயில் காலத்திலும் முழங்கை மறைகிற ரவிக்கை போடுவது உறைத்தது. அடிக்கடி பல் வலி என்று சொல்லிக் கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு வருவதும் நினைவுக்கு வந்தது.

அவள் புருஷனுக்கு மணமேல்குடிப் பக்கம் ஊர். அங்கேயிருந்து மீன் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டை மார்க்கெட்டுக்கு வேன் ஓட்டுகிறவர். பார்த்தால் மரியாதையாக வணக்கம் சொல்வார். அவர் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஒரு திருக்கை வால் தொங்குகிறது என்று அன்றைக்குச் சொன்னாள். திருக்கை மீனின் வாலைக் காய வைத்தால் சாட்டை போல ஆகிவிடும். நீளமாக, அடியில் கட்டை விரல் பருமன், நுனியில் ஈர்க்கு மாதிரி. மேலெல்லாம் அரம் போலச் சொரசொரப்பு. கடற்கரைப் பக்கம் சில வீடுகளில் பிள்ளைகளை மிரட்ட மாட்டி வைத்திருப்பார்களாம். அவள் வீட்டில் பிள்ளைகள் இல்லை.

அது என்ன செய்யும் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது. பட்ட இடத்தில் தோல் கிழியும், ஆனால் பெரிதாக ரத்தம் வராது என்றாள். இரண்டு நாளில் தடித்துக் கறுக்கும், நடுவில் வெள்ளையாக ஒரு கோடு நிற்கும், வாரக்கணக்கில் ஆறாது என்றாள். முதுகில் ஏழு கோடு இருப்பதாகச் சொல்லிவிட்டு, ‘எழுதிக்கங்க அக்கா’ என்றாள்.

எழுதிக்கொண்டேன். சாட்டையை எடுத்துவிட்டு, கடல் பிராணி ஒன்றின் வாலை ராஜாவின் கையில் கொடுத்தேன். ராணியின் முதுகில் ஏழு கோடு போட்டேன். சேலைத் தலைப்பை அவள் வாயில் வைத்தேன்.

அந்த அத்தியாயத்துக்கு முன்னால் எங்கள் கதையைச் சில பேர்தான் படித்தார்கள். அதற்கப்புறம் ஜனங்கள் குவிந்துவிட்டார்கள். ராணியை யாரும் தொடக் கூடாது, அந்த ராஜா எப்போது சாவான் என்று எழுதினார்கள். அதையெல்லாம் அவள் எனக்கு வாசித்துக் காட்டும்போது குரல் ஒரு மாதிரி இருக்கும். சிலதை இரண்டு தடவை வாசிப்பாள். ஆகவே அவளுக்கும் இது பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். ஒருநாள், அந்த மனுஷனை விட்டு வந்துவிடேன் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். ‘அதக் கேக்காதீங்க. கதையப் படிங்க’ என்றாள். அதோடு விட்டுவிட்டேன். ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று அவள் முகத்தைப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. கொதிக்கிற சோற்றுக் கஞ்சியைக் காலில் ஊற்றியதையும், தலைமுடியைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தியதையும் அப்படித்தான் வாங்கினேன். எல்லாம் உப்பு நாட்டு அரண்மனைக்குப் போனது. கதை மூன்று புத்தகமாக வந்தது. நாலாவது நடந்துகொண்டிருந்தது.

மாயக் கதை படிக்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை ஒன்றுகூடுகிறார்கள். எழுதுகிறவர்களைக் கூப்பிட்டுப் பேசச் சொல்வார்கள். கதையில் வருகிற ஆட்களைப் போலவே இளவட்டங்கள் வேஷம் கட்டிக்கொண்டு வரும். அட்டைக் கத்தி, தகரக் கிரீடம், உடம்பெல்லாம் பச்சைப் பெயிண்ட் என்று பஸ் ஸ்டாண்டிலேயே தெரிந்துவிடும். முதல் தடவை என்னைக் கூப்பிட்டபோது போனேன். ஆனால் மண்டபத்துக்குள் நுழையக் கால் வரவில்லை. பின்பக்கம் சமையல் நடந்தது. பிரியாணிக்குக் கறியைக் கன்னாபின்னாவென்று வெட்டிக்கொண்டிருந்தார்கள். கத்தியை வாங்கி ஒழுங்காகத் துண்டு போட்டுக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டு வந்துவிட்டேன். மேடையில் என்னை மைக் வைத்துத் தேடினார்களாம்.

இரண்டாவது தடவை கூட்டம் புதுக்கோட்டையிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை. என்னைத் தப்பவிடக் கூடாது என்று அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மேடையில் உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் புருஷன்தான் அவளை பைக்கில் கொண்டுவந்து விட்டார். சாப்பாடு உண்டு என்று தெரிந்ததும் அவரும் உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். அவர் கதை படிக்கிறவர் இல்லை. பெண்சாதி ஏதோ டைப் அடிக்கிறாள் என்று மட்டும் தெரியும்.

கேள்வி கேட்டார்கள். பெரும்பாலும் அவளே பதில் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். ஒரு பையன் எழுந்து, கடல் பிராணியின் வாலால் அடிக்கிற காட்சியைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை, இப்படி ஒரு ஆயுதத்தை எப்படிக் கற்பனை செய்தீர்கள் என்று என்னிடம்தான் கேட்டான். அம்மாதான் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் கை தட்டினார்கள். மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினார்கள்.

பாராட்டு வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் மேல் தள்ளிவிட்டுத் தப்பிக்கிற புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. கறி நன்றாக இருந்தது என்று யாராவது சொன்னால், ஆடு நல்ல ஆடு என்பேன். அன்றும் அதையே செய்தேன்.

“அது நானா யோசிச்சதில்லீங்க. இவுக வீட்டுல இருக்கு. எப்படிப் படும், எப்படி ஆறும்னு எல்லாம் இவுக சொன்னதுதான்.”

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. என் கைக்குள் இருந்த அவள் கை ஜில்லிட்டுப் போனது. கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டில் ஏதோ அழகுக்கு மாட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக் கை தட்டினார்கள். அந்த நேரம் பார்த்து, ராணி வேஷம் போட்ட ஒரு காலேஜ் பெண்ணை மேடைக்கு ஏற்றினார்கள். முதுகு இறங்கிய ரவிக்கை. முதுகில் ஏழு கோடு. புத்தகத்தில் எழுதியபடியே கறுப்பு மை தடவி, நடுவில் சுண்ணாம்பால் வெள்ளைக் கோடு இழுத்திருந்தாள். அவ்வளவு அச்சாக இருந்தது. அந்தப் பெண் சிரித்த முகமாக என் சிநேகிதிக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டது.

நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். அவர் கை தட்டவில்லை. அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையெழுத்தை வேறு ஒருவர் தாளில் பார்க்கிறவர் போல. அப்புறம் எழுந்து பந்திக்குப் போனார்.

என் வீட்டுக்கு வந்துவிடு என்று அவளைக் கெஞ்சினேன். இன்று போகாவிட்டால்தான் பெரிதாகும் என்று சொல்லி பைக்கில் ஏறிப் போய்விட்டாள். நான் சும்மா நின்று பார்த்தேன். உப்பு நாட்டில் கோட்டைச் சுவரை உடைத்து நுழைகிற படைகளையெல்லாம் கிளப்பியவள், பைக்கின் சாவியைப் பிடுங்கத் துணியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடையில் கூட்டம் நெரித்தது. மகனுக்குக் கை ஓயாது என்பதால் நானும் கட்டைக்கு முன் உட்கார்ந்து எலும்பு வெட்டிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. ரத்தக் கையோடு எடுத்தேன்.

“அக்கா, வலது கை மணிக்கட்டு ஒடிஞ்சிருச்சு. நாளைக்கி டைப் பண்ண முடியாதுக்கா” என்றாள். லீவு சொல்கிற மாதிரி சொன்னாள். பின்னால் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது.

எழுந்தேன். கையைக் கழுவவில்லை. எலும்புக் கத்தியைத் தாளில் சுற்றி மஞ்சப் பையில் போட்டேன். எங்கே போகிறாய் என்று மகன் கேட்டதற்கு, இங்கிட்டுத்தான் என்றேன். பஸ்ஸில் உட்கார்ந்து வரும்போது என் மனசில் ஓடியது முழுக்க அவர் கழுத்துதான். ஒரு கையால் முடியைப் பிடித்துத் தலையைப் பின்னால் சாய்த்தால் எந்த இடம் விம்மும் என்று எனக்குத் தெரியும். எத்தனை வெட்டு வேண்டியிருக்கும் என்றும் தெரியும். அதைக் கற்பனை என்று சொல்ல மாட்டேன். திட்டமாகவே போட்டேன்.

புதுக்கோட்டையில் அவள் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். அவள் சுவரோரம் தரையில். மணிக்கட்டு புடைத்து, கை திரும்பி இருந்தது. உதடு கிழிந்து கண்ணொன்று மூடியிருந்தது. ரவிக்கையின் முதுகுப்பக்கம் துணி நைந்து சதையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

“வாங்க, எழுத்தாளரம்மா” என்றார். எழுந்திருக்கவில்லை. “என்னைய ராசாவாப் போட்ருக்கீகளாம்ல? சொல்லவே இல்ல. கிரீடம் கொண்டாந்திருக்கீகளா?”

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அவர் தட்டைக் கீழே வைத்து, கையைக் கழுவி, துண்டில் துடைத்தார். எல்லாம் நிதானமாக. பிறகு கதவுக்குப் பின்னால் கை விட்டு அதை எடுத்தார். நான் அதுவரைக்கும் அந்த வாலைப் பார்த்ததே இல்லை. எழுதியிருந்ததைவிடச் சிறிதாக இருந்தது. பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார்.

“நேத்து அந்தப் பையன் கேட்டான்ல எப்படி இருக்கும்னு. இந்தா, பாத்துட்டுப் போயி எழுதுங்க” என்று அவள் மேல் வீசினார்.

நான் குறுக்கே கையை நீட்டிவிட்டேன். துணிச்சல் ஒன்றும் இல்லை. விழப்போகிற பாத்திரத்துக்குக் கை போகுமே, அந்த மாதிரி. வால் என் முழங்கையில் சுற்றிக்கொண்டு இழுத்தது. நெருப்புப் பட்டது போல என்று நான் மூன்று புத்தகத்திலும் எழுதியிருக்கிறேன். அது தப்பு. முதலில் ஒன்றுமே தெரியாது, தண்ணீர் தெளித்த மாதிரிதான் இருக்கும். அடுத்தது கை தன் கையாக இருக்காது. அதற்கப்புறம் வலி எலும்புக்குள்ளே இருந்து வெளியே வரும். என்னை ஜென்மத்தில் யாரும் அடித்ததில்லை. அப்பா அடித்ததில்லை, வீட்டுக்காரர் அடித்ததில்லை. அடி வாங்காத உடம்பை வைத்துக்கொண்டு அத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன்.

அவர் இரண்டாவது தடவை ஓங்கினார். நான் வாலை இடது கையால் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை கிழிந்தது, விடவில்லை. வலது கை பைக்குள் போய்க் கத்தியோடு வந்தது. அவர் இழுத்த இழுப்பில் நான் அவர் மேலேயே போய் விழுந்தேன். இரண்டு பேரும் இட்லித் தட்டு மேல் சரிந்தோம். அவர் தலை நாற்காலிக் காலில் மோதியது. எழுந்திருக்குமுன் என் முட்டி அவர் நெஞ்சில் இருந்தது. ஆட்டை அழுத்திப் பிடிக்கிற முட்டி. கத்தியின் வாய் அவர் காதுக்குக் கீழே. அவர் கால்கள் தரையில் உதைத்துக்கொண்டிருந்தன. அவருக்கு என்னைவிட வயது குறைவு, பலம் அதிகம். ஆனாலும் தலையை அசைக்கவில்லை. நான் எத்தனை தடவை இதைச் செய்தவள் என்று அந்த முட்டி சொல்லியிருக்கும்.

அழுத்தியிருப்பேன். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்து நேரம் எடுத்துக்கொண்டேன்.

“அக்கா, வெட்டாத” என்றாள். அதுவரைக்கும் அவள் என்னை நீ என்று சொன்னதில்லை. “வெட்டுனா ஒன்னையக் கொண்டு போயிருவாக. நான் இந்தாளு பொணத்துக்கு அழுதுக்கிட்டு இங்கயே கெடக்கணும். எனக்கு இங்க கெடக்க வேணாம்.”

நான் கத்தியை எடுக்கவில்லை.

“எனக்கு வெளிய போகணும்க்கா” என்றாள்.

அவளைப் பார்த்தேன். எத்தனையோ திங்கட்கிழமை நான் காத்திருந்த வார்த்தை. கத்தியை எடுத்தேன். அவர் புரண்டு சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டு இருமினார். ஆத்திரம் அடங்காமல், அந்த வாலையாவது துண்டு துண்டாக வெட்டிவிட வேண்டும் என்று தரையில் போட்டு ஓங்கினேன். அதையும் அவள் தடுத்தாள். ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் வாலை இழுத்து எடுத்து என் மஞ்சப் பையில் திணித்தாள்.

“இத வெட்டிட்டா ஸ்டேஷன்ல எதக் காட்டுறது?”

ஆட்டோவில் முதலில் பெரியாஸ்பத்திரி. கையில் மாவுக்கட்டுப் போட்டு முதுகில் மருந்து வைத்தார்கள். முதுகில் ஒட்டிய துணியைத் தண்ணீர் விட்டு நனைத்து எடுக்க வெகு நேரம் ஆனது. ஏழு கோடு என்று நான் எழுதியது எப்போதோ பழசாகிப்போயிருந்தது. எண்ண முடியாது. ஒன்றின் மேல் ஒன்று. என் முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் கட்டுப் போட்டார்கள்.

அங்கேயிருந்து மகளிர் போலீஸ் ஸ்டேஷன். மேஜை மேல் பையை வைத்தபோது வாலோடு எலும்புக் கத்தியும் வெளியே வந்துவிட்டது. பெண் போலீஸ் ஒருவர் இரண்டையும் பார்த்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். இது என்ன என்றார். கறிக்கடைக் கத்தி என்றேன். ஞாயிற்றுக்கிழமை கடையை விட்டுவிட்டுக் கத்தியோடு எங்கே கிளம்பினீர்கள் என்று கேட்டார். நான் காலிப் பையை மடித்தேன். முதலில் புகாரை எழுதிக் கொடுங்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள் என்று தாளை நீட்டினார்.

அவளால் எழுத முடியாது. அதனால் அவள் சொல்ல, நான் எழுதினேன். பழக்க தோஷத்தில், ‘அந்தக் கொடியவன்’ என்று தொடங்கினேன். அதை அடித்துவிடு என்றாள். பேரையும் வயதையும் போடச் சொன்னாள். கல்யாணமான இரண்டாம் வாரம் முதல் அடி. காரணம், குழம்பில் முள் இருந்தது. மூன்றாம் மாதம் வயிற்றில் உதை. அதில் ஒரு குழந்தை போயிற்று. மறுவருஷம் இன்னொன்று. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. என் பேனா நின்று நின்று போனது. இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. எத்தனை வருஷப் பழக்கம். அடி எப்படிப் படும், கோடு எத்தனை நாள் நிற்கும், கஞ்சி பட்டால் தோல் என்ன நிறம் ஆகும் என்றெல்லாம் கேட்டிருக்கிறேன். பிள்ளை ஏன் இல்லை என்று கேட்டதில்லை. கதையில் ராணிக்குப் பிள்ளை தேவைப்படவில்லை.

நான் கத்தியைக் கழுத்தில் வைத்ததையும் எழுதச் சொன்னாள். அது எதற்கு என்றேன்.

“அவரு சொல்லுறதுக்கு முந்தி நம்ம சொல்லிருவோம். நடந்ததுதான?”

எழுதினேன். அந்தப் பெண் போலீஸ் முழுவதையும் படித்தார். கத்தி வந்த வரியில் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவளிடம், இதில் இருப்பதெல்லாம் நடந்ததுதானா, கூட்டி எழுதவில்லையே என்று கேட்டார்.

“கொறச்சுத்தான் எழுதியிருக்கு மேடம். தாள் பத்தல” என்றாள்.

அன்று சாயங்காலமே அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சில நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வெளியே வந்தார். என் மேலும் ஒரு புகார் கொடுத்தார். அதுவும் நடக்கிறது. வாய்தா அன்று கோர்ட்டுக்கு இரண்டு பேரும் போகிறோம். அவள் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. ஜெராக்ஸ் கடைக்கு நாலு வீடு தள்ளி ஒரு ரூம் எடுத்திருக்கிறாள். என்னோடு வந்து இரு என்று கூப்பிட்டேன். வேண்டாம் என்றாள். இனிமேல் ஒரு வீட்டில் யாரோடும் இருக்க மாட்டாளாம்.

நாலாவது புத்தகம் பாதியில் நின்றது. ராஜா எப்போது சாவான் என்று ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்கு எழுத வரவில்லை. மாவுக்கட்டை எடுத்த பிறகு ஒரு திங்கட்கிழமை அவளே போன் செய்து நோட்டைக் கொண்டுவரச் சொன்னாள். நோட்டில் ஒன்றும் இல்லை என்றேன். வெறும் நோட்டையாவது கொண்டுவா என்றாள். போனேன். ராஜாவைக் கொல்லட்டுமா என்று கேட்டேன். ஒரு காட்சியை எழுதும் முன்னால் நான் அவளைக் கேட்டது அதுதான் முதல் தடவை. வேண்டாம் என்றாள். செத்துவிட்டால் ஒரு வரியில் முடிந்துவிடும், ஏழு நாட்டு ஜனமும் கூடியிருக்க, செய்ததை ஒவ்வொன்றாக அவன் காதில் படிக்க வேண்டும், அவன் நின்று கேட்க வேண்டும் என்றாள். அப்படியே எழுதினேன். கடைசி அத்தியாயம் முழுக்க ஒருவர் படிக்கிறார், ஒருவன் நிற்கிறான். ரத்தம் இல்லை. படித்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஏமாற்றிவிட்டீர்கள் என்று எழுதினார்கள். அதையும் அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள்.

போன வாய்தா அன்று கேஸ் தள்ளிப்போனது. கோர்ட் வாசலில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவர் நின்றார். அவள் அவரைத் தாண்டி நடந்தாள். நடை ஒன்றும் வேகமாகவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் பல மாதமாகத் தொண்டையில் வைத்திருந்ததை எடுத்தேன். அன்றைக்கு மேடையில் மைக்கில் நான் சொன்னதற்கு என்று தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“மன்னிப்புக் கேக்கப் போறியாக்கா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“கேக்காத. கேட்டா நான் ஒனக்குக் குடுத்துருவேன். இப்பத்திக்கிக் குடுக்குறதா இல்ல.”

பஸ் வந்தது. கம்பியைப் பிடித்து ஏற அவளுக்கு இன்னும் மணிக்கட்டு முழுசாக மடங்காது. நான் பின்னால் நின்று முட்டுக் கொடுத்தேன். ஜன்னலோரம் எனக்கு இடம் போட்டுவிட்டு, வரும் திங்கட்கிழமை என்ன கொண்டுவரப் போகிறேன் என்று கேட்டாள்.